பித்தளையை தாமிரமாக்கின பத்து இலக்கம்: ஒரு லேப் நிகழ்வு ஆய்வு

பின்னணி

முதல் வருஷ பிசிக்ஸ் லேப்ல மூணு வாரம் நடந்த விஷயம் இது. லேப் எடுத்தது நான்தான், அதனால இதுல வர்ற தப்புல பாதி என்னோடதுன்னு மொதல்லயே சொல்லிடறேன். பதினெட்டு பசங்க, ஆறு ஆறு பேரா மூணு குழு. யார் பேரும் இங்க வேண்டாம், குழு நம்பர் போதும்.

சோதனை ரொம்ப சாதாரணமானது. கருப்பு பெயின்ட் அடிச்ச ஒரு உலோக உருளை, கட்டை விரல் தடிமன்ல. அதோட எடையும் கன அளவும் எடுத்து அடர்த்தி கண்டுபிடிச்சு, உள்ள இருக்கறது என்ன உலோகம்னு சொல்லணும். பெயின்ட் அடிச்சதே நிறத்தை பாத்து சொல்லிடக்கூடாதுன்னுதான். ஒர்க்‌ஷாப்ல ஒரு பித்தளை கம்பியில இருந்து வெட்டி வாங்கினது, அது எனக்கு தெரியும், பசங்களுக்கு தெரியாது. ஒப்பிட்டு பாக்க ஒரு தாள் குடுத்திருந்தேன், ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம்ங்கற கணக்குல: அலுமினியம் 2.70, எஃகு 7.85, பித்தளை 8.4 முதல் 8.7 வரை (துத்தநாகம் எவ்ளோ கலந்திருக்குங்கறதை பொறுத்து மாறும்), தாமிரம் 8.96, வெள்ளி 10.49.

மேசையில இருந்தது 0.01 கிராம் வரைக்கும் காட்டற டிஜிட்டல் தராசு, 0.02 மி.மீ. மீச்சிற்றளவு (அதால படிக்க முடிஞ்ச ஆகச் சின்ன அளவு) உள்ள வெர்னியர் காலிப்பர், ஒரு மில்லிக்கு ஒரு கோடு போட்ட மெஷரிங் சிலிண்டர். எதை வச்சு கன அளவு எடுக்கறதுன்னு அவங்க இஷ்டம்.

முக்கிய எண்ணுரு (significant figures, ஒரு அளவுல அர்த்தத்தோட எழுதக்கூடிய இலக்கங்கள்) பாடத்தை எல்லாருமே ஸ்கூல்லயே படிச்சிட்டு வந்தவங்க. 0.0050-ல எத்தனை முக்கிய எண்ணுருன்னு கேட்டா டக்குனு ரெண்டுன்னு சொல்லுவாங்க. அதனால அதை திரும்ப எடுக்க வேண்டாம்னு நெனச்சிட்டேன்.

முதல் வாரம்: என்ன பாத்தேன்

உருளையோட எடை மூணு குழுவுக்கும் 53.84 கிராம். அதுல பிரச்சினை இல்ல.

முதல் குழு மெஷரிங் சிலிண்டர் எடுத்தாங்க. தண்ணி 30-ல நின்னுச்சு, உருளையை உள்ள விட்டதும் 36-க்கு ஏறுச்சு, ஆக 6 மில்லி. 53.84-ஐ 6-ஆல வகுத்து கால்குலேட்டர் காட்டினதை அப்படியே நோட்டுல எறக்கிட்டாங்க: 8.973333333. தாமிரம் 8.96, இவங்களுது 8.97, பிழை வெறும் 0.15 சதவீதம்னு அடிக்கோடு வேற போட்டிருந்தாங்க.

ரெண்டாவது குழு காலிப்பர்ல விட்டம் 12.70 மி.மீ., நீளம் 50.00 மி.மீ.ன்னு எடுத்து 8.500368-ன்னு எழுதினாங்க, பித்தளை. மூணாவது குழுவும் காலிப்பர்தான், அதே 12.70, அதே 50.00, ஆனா அவங்களுக்கு 8.504679 வந்துச்சு. அதே அளவுக்கு வேற விடை எப்படின்னு கொஞ்ச நேரம் மண்டைய ஒடச்சோம், கடைசில பாத்தா மூணாவது குழு பை-க்கு 3.14 போட்டிருக்காங்க, ரெண்டாவது குழு கால்குலேட்டர் பட்டனை அழுத்தியிருக்காங்க. நாலு இலக்கம் தாங்கற அளவீட்டுக்குள்ள மூணு இலக்க மாறிலிய விட்டா நாலாவது இலக்கம் கெட்டுப் போகும்ங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் நான் தேடியிருந்தாலும் கெடச்சிருக்காது.

அப்புறம் மூணு குழுவும் சேர்ந்து பேசினப்பதான் எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. ரெண்டு குழு பித்தளைன்னும் ஒரு குழு தாமிரம்னும் சொல்லுது, ஆனா கிளாஸ் மொத்தமும் மெதுவா தாமிரம் பக்கம் சாயுது. ஏன்னா முதல் குழு கையில "0.15 சதவீத பிழை"ன்னு ஒரு நம்பர் இருக்கு. பித்தளைக்கு தாள்ல ஒரு வரம்புதான் இருக்கு, அதோட ஒப்பிட்டு பிழை சதவீதம் போட முடியல. சரியா இருந்தவங்களே "அவங்களுது இன்னும் கிட்ட வருது சார்"னு விட்டுக்குடுத்துட்டாங்க.

முதல் முடிவும் அதோட காரணமும்

அன்னைக்கு பீரியட் முடிய பத்து நிமிஷம்தான் இருந்துச்சு. நான் செஞ்சது இது: உருளை பித்தளைதான்னு சொல்லிட்டேன், மூணு குழுவுக்கும் தேவையில்லாத இலக்கம் எழுதினதுக்கு பத்துக்கு ரெண்டு மார்க் கொறச்சேன், போர்டுல விதிகளை எழுதிப் போட்டேன். பெருக்கல் வகுத்தல்னா முக்கிய எண்ணுரு எதுல கம்மியோ அத்தனைதான் விடைக்கும், கூட்டல் கழித்தல்னா தசம இடம் எதுல கம்மியோ அதுவரைக்கும்தான். அடுத்த வாரம் திருத்தி எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

காரணம்னு சொன்னா, எனக்கு அப்ப தப்பா தெரிஞ்சது அந்த பத்து இலக்கம்தான். கண்ணுல குத்தற மாதிரி நீளமா இருக்கறதால அதுதான் நோய்னு முடிவு பண்ணிட்டேன்.

ரெண்டாவது வாரம்: பித்தளை காணாமப் போச்சு

திருத்தின நோட்டு வந்துச்சு. முதல் குழு 8.973333333-ஐ வெட்டி 8.97 ஆக்கியிருந்தாங்க. எழுதினது நீளம் கொறஞ்சுச்சு, தப்பு அப்படியே இருக்கு. உருளை பித்தளைன்னு நான் சொன்னதுக்கு அப்புறமும், "எங்க அளவுப்படி தாமிரம்"னு எழுதியிருந்தாங்க. ஒரு விதத்துல அந்த நேர்மை எனக்கு பிடிச்சுது.

மூணாவது குழு விதியை பயத்தோட பிடிச்சிக்கிட்டாங்க. மார்க் போகக்கூடாதுன்னு ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு இலக்கத்துக்கு முழுதாக்கிட்டாங்க. ஆரம் 0.635 செ.மீ. அது 0.64 ஆச்சு, அதோட வர்க்கம் 0.41 ஆச்சு, பை-யால பெருக்கினது 1.3 ஆச்சு, நீளம் 5.0-ஆல பெருக்கி 6.5, எடை 54, விடை 8.3. பித்தளை வரம்பு 8.4-ல ஆரம்பிக்குது, அதனால இது பித்தளை இல்ல, வேற ஏதோ கலப்பு உலோகம்னு முடிவு. போன வாரம் இதே அளவுகளை வச்சு சரியா சொன்ன குழு இது. நடுவுல நடுவுல வெட்டினதுல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி கன அளவு 6.33-ல இருந்து 6.5-க்கு போயிடுச்சு. நடுக் கணக்குல இலக்கத்தை விட்டு வச்சு கடைசில மட்டும் முழுதாக்கணும்ங்கறதை நான் போர்டுல எழுதவே இல்ல.

ரெண்டாவது குழுவோடது இன்னும் மோசம். அவங்க அளவுகளை ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டிருந்தாங்க. 50.00-ன்னு அடிச்சா அது தானா 50 ஆயிடும், 12.70 போய் 12.7 ஆயிடும், கடைசி சைபர் எல்லாம் காலி. திருத்தி எழுத உக்காந்தவன் காலிப்பர் பிடிச்சவன் இல்ல, வேற பையன். அவன் ஷீட்ல 50-ஐ பாத்து, புள்ளி இல்லாத கடைசி சைபர் கணக்குல வராதுன்னு படிச்சதை ஞாபகம் வச்சு ஒரே முக்கிய எண்ணுருன்னு முடிவு பண்ணிட்டான். அதுக்கு ஆதரவா விட்டத்தை வகுக்கற 2-ம் ஒரே இலக்கம்தானேன்னு ஒரு வாதம் வேற. ஆக விடை ஒரு இலக்கம்: 9. தாமிரம் 8.96, அதை முழுதாக்கினா 9, பொருந்துதுன்னு எழுதிட்டாங்க.

அந்த 2 அளந்து வந்த நம்பர் இல்ல. ஆரம்ங்கறது விட்டத்துல பாதின்னு வரையறையில இருந்து வர்ற எண், அதுக்கு எத்தனை இலக்கம் வேணும்னாலும் உண்டு. ஒரு இன்ச் 25.4 மி.மீ.ங்கறதும் அப்படித்தான், 1959-ல சர்வதேச அளவுல சரியா அவ்ளோதான்னு நிர்ணயிச்சாச்சு. இதை சொன்ன ஒடனே ஒரு பொண்ணு, "அப்ப இது அரை இன்ச் கம்பிதானே சார், 12.7 சரியா இருக்கணுமே, எதுக்கு அளக்கணும்?"னு கேட்டா. நல்ல கேள்வி. இன்ச்சுக்கு வரையறை இருக்கு, கம்பிக்கு இல்ல, கம்பிய அளந்துதான் பாக்கணும்னு சொன்னேன். அந்த கேள்வி பின்னாடி வேற ரூபத்துல திரும்பி வந்துச்சு.

மொத்தத்துல முதல் வாரம் மூணுல ரெண்டு குழு சரி. நான் விதி சொல்லி மார்க் கொறச்சதுக்கு அப்புறம் மூணுல ஒண்ணு கூட பித்தளைன்னு சொல்லல.

ரெண்டாவது முடிவு: விடையை விட்டுட்டு கோட்டுக்கு போறது

அன்னைக்கு சாயங்காலம் நோட்டுகளை வரிசையா வச்சு பாத்தப்ப ஒண்ணு புரிஞ்சுது. நான் கடைசி வரியை திருத்திட்டு இருக்கேன், தப்பு முதல் வரியில இருக்கு. முதல் குழு 36-ன்னு எழுதினப்பவே கதை முடிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் பத்து இலக்கம் எழுதினா என்ன மூணு இலக்கம் எழுதினா என்ன.

அதனால அடுத்த பீரியட்ல கால்குலேட்டரை பைக்குள்ள வைக்க சொல்லிட்டேன். மெஷரிங் சிலிண்டர்ல தண்ணி ஊத்தி மேசை மேல வச்சு, முதல் குழுவுல ஆறு பேரையும் ஒவ்வொருத்தரா வந்து கண்ணை மட்டத்துக்கு கொண்டு வந்து தண்ணி மேற்பரப்பு வளைவோட அடிப்பகுதிய பாத்து, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல உள்ளதை கண்ணாலயே பத்தா பிரிச்சு மதிப்பிட்டு, ஒரு துண்டு சீட்டுல எழுதி மடிச்சு குடுக்க சொன்னேன். பக்கத்துல இருக்கவன் என்ன எழுதினான்னு பாக்கக்கூடாது. உருளையை விட்டதுக்கு அப்புறமும் அதே மாதிரி.

விடறதுக்கு முன்னாடி எழுதினது: 30.0, 29.8, 30.1, 30.0, 30.2, 29.9. விட்டதுக்கு அப்புறம்: 36.2, 36.4, 36.5, 36.0, 36.3, 36.4. சீட்டை பிரிச்சு போர்டுல வரிசையா எழுதினதும் கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஒரே தண்ணி, ஒரே கோடு, ஆறு பேருக்கு ஆறு விதம். "எது சார் சரி?"னு ஒருத்தன் கேட்டான். எல்லாமே சரிதான், கடைசி இலக்கம் மதிப்பிட்டு எழுதினது, அதுல ஆட்டம் இருக்கத்தான் செய்யும், ஆடற இலக்கம் ஒண்ணு வரைக்கும் எழுதறோம் அதுக்கு மேல எழுதறதில்ல, முக்கிய எண்ணுருன்னா அவ்ளோதான்னு சொன்னேன். ரெண்டு வாரமா சொல்ல வேண்டியதை அன்னைக்குதான் சொன்னேன்.

சராசரி 30.0, 36.3. வித்தியாசம் 6.3. இங்கதான் கழித்தலோட வேலையை பாக்கணும். 30.0-ல மூணு இலக்கம், 36.3-ல மூணு இலக்கம், கழிச்சா மிஞ்சறது ரெண்டு இலக்கம். பெரிய ரெண்டு எண்ணை கழிச்சு சின்ன எண் எடுத்தா முன்னாடி இருக்க நல்ல இலக்கம் எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சிட்டு போயிடும், ஆடற இலக்கம் மட்டும் பத்திரமா வந்து சேரும். முதல் வாரம் அவங்க பண்ணதுல இது இன்னும் கொடுமை: 36, 30 ரெண்டுலயும் ரெண்டு இலக்கம், கழிச்சா ஒண்ணே ஒண்ணு.

அப்புறம் முதல் குழுவையே அவங்க பழைய கணக்குக்கு கீழ் வரம்பும் மேல் வரம்பும் போட சொன்னேன். கோட்டை மட்டும் பாத்து படிச்சதால ஒவ்வொரு தடவையும் அரை மில்லி இப்படி அப்படி இருக்கலாம், ரெண்டையும் சேத்தா கன அளவு 5-ல இருந்து 7 வரைக்கும் எதுவா வேணும்னாலும் இருக்கலாம். 53.84-ஐ 7-ஆல வகுத்தா 7.7, 5-ஆல வகுத்தா 10.8. எஃகும் உள்ள வருது, பித்தளையும் உள்ள வருது, தாமிரமும் வருது, வெள்ளி கூட வருது. கணக்கு போட்ட பையனே சிரிச்சிட்டான். 0.15 சதவீதம்னு அடிக்கோடு போட்டது தற்செயலா விழுந்த நம்பர்னு நான் சொல்ல வேண்டியே வரல.

சீட்டு வச்சு எடுத்த புது அளவுல ஒரு தடவை படிக்கறதுக்கு ஏறக்குறைய 0.2 மில்லி ஆட்டம், ரெண்டு ஆட்டமும் முழுசா ஒண்ணா கூடறது அபூர்வம்ங்கறதால ரெண்டு படிப்பு சேந்தா ஏறக்குறைய 0.3. அடர்த்தி 8.5, கூட்டி குறைச்சு 0.4. இப்ப எஃகு வெளிய, வெள்ளி வெளிய. தாமிரம் கதவுக்கு வெளியதான், ஆனா கதவை ஒட்டி நிக்குது.

மூணாவது வாரம்: பெயின்ட்

காலிப்பர் குழுக்களுக்கு இப்ப தலை நிமிர்ந்திருச்சு. 53.84, 12.70, 50.00, எல்லாத்துலயும் நாலு இலக்கம், விதிப்படி 8.500-ன்னு நாலு இலக்கம் எழுதலாம். விதிப்படி சரிதான். ஆனா காலிப்பர்ல 0.02 மி.மீ. ஆட்டம்னா விட்டத்துல அது 0.16 சதவீதம், விட்டம் வர்க்கமா வர்றதால கன அளவுல 0.3 சதவீதம், அடர்த்தியில ஏறக்குறைய 0.03. அப்ப 8.500-ல கடைசி சைபருக்கு அர்த்தமே இல்ல, அதுக்கு முன்னாடி இருக்கற சைபரே ஆடுது. முக்கிய எண்ணுரு விதிங்கறது ஒரு குறுக்கு வழி, ஆட்டத்தை கணக்கு போட்டு பாக்க நேரம் இல்லாதப்ப உதவும், கணக்கு போட்டு பாத்தா சில சமயம் ஒரு இலக்கம் கூடவோ கொறையவோ வரும். 8.50, கூட்டி குறைச்சு 0.03-ன்னு எழுதுங்கன்னு சொன்னேன்.

அப்பதான் அதே அரை இன்ச் பொண்ணு திரும்ப கேட்டா. "சார், நாம அளந்தது கம்பியையா, பெயின்ட்டையா?"

உண்மைய சொன்னா நான் அதை யோசிக்கவே இல்ல. பெயின்ட் அடிக்க சொன்னதே நான். தின்னர் போட்டு தொடச்சோம், மஞ்சளா பளபளன்னு வந்துச்சு. அந்த ஒரு நொடியில என்ன உலோகம்ங்கற கேள்வி முடிஞ்சிருச்சு, மூணு வார சண்டையும் ஒரு துணியால தொடச்ச மாதிரி. ஆனா அடர்த்தி எவ்ளோங்கற கேள்வி முடியல, அதனால திரும்ப அளந்தோம். விட்டம் 12.66, நீளம் 49.96, எடை 53.78. அடர்த்தி 8.55. 8.50-க்கும் இதுக்கும் இடைவெளி 0.05, நாம சொன்ன 0.03 ஆட்டத்தை விட ஜாஸ்தி. எத்தனை தடவை கவனமா அளந்திருந்தாலும் பெயின்ட் மேல அளந்தா அதே 8.50தான் திரும்ப திரும்ப வந்திருக்கும், இலக்கம் எண்ணற எந்த விதியும் இதை காட்டிக் குடுக்காது.

சரி பாக்க வேற வழியில ஒரு தடவை எடுத்தோம். தண்ணி பீக்கரை தராசு மேல வச்சு சைபர் ஆக்கிட்டு, உருளையை மெல்லிசான நூல்ல கட்டி ஸ்டாண்டுல இருந்து தொங்க விட்டு, முழுசா முங்கற மாதிரி, ஆனா அடியிலயும் பக்கத்துலயும் படாத மாதிரி. தராசு காட்டற எடை விலகின தண்ணியோட எடை. 6.27 கிராம். தண்ணி 25 டிகிரி, அந்த சூட்டுல அதோட அடர்த்தி 0.997. கணக்கு போட்டா 8.55. உருளையில ஒட்டின காத்துக் குமிழை தட்டி விட மறந்ததால முதல் தடவை தப்பா வந்துச்சு, ரெண்டாவது தடவைதான் இந்த நம்பர். மெஷரிங் சிலிண்டர் ரெண்டு இலக்கம் குடுத்த அதே கன அளவுக்கு தராசு மூணு இலக்கம் குடுத்துச்சு, அதுவும் அதே தண்ணியை வச்சு. பாதி கிளாஸ் இதைத்தான் ரொம்ப ரசிச்சாங்க.

என்ன ஆச்சு

மூணு குழுவும் ரெக்கார்டை புதுசா எழுதினாங்க. முதல் குழுவோட முடிவு வரி இப்படி இருந்துச்சு: "அடர்த்தி 8.5, கூட்டி குறைச்சு 0.4. பித்தளையா இருக்கலாம். தாமிரம் இல்லன்னு அடிச்சு சொல்ல இந்த சிலிண்டர் பத்தாது." அந்த குழுவுக்கு முழு மார்க் போட்டேன், முதல் வாரம் கொறச்ச ரெண்டு மார்க்கை எல்லாருக்குமே திருப்பி குடுத்துட்டேன். ஏன் திருப்பி குடுக்கறேன்னும் சொன்னேன்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு அடுத்த சோதனையில ரெண்டு பேர் திரும்ப எட்டு இலக்கம் எழுதிட்டு வந்தாங்க. ஆனா பக்கத்துல இருந்தவங்க "எந்த இலக்கம்டா ஆடுது?"ன்னு கேட்டு திருத்தினதை காதால கேட்டேன், நான் வாய் திறக்க வேண்டி வரல.

என்ன மாத்தப் போறேன்

துண்டு சீட்டு வேலை இனி முதல் நாள் முதல் பத்து நிமிஷத்துல வரும், விதி அதுக்கப்புறம்தான். அப்சர்வேஷன் நோட்டுல அளவு எழுதற கட்டத்துக்கு பக்கத்துல "ஆட்டம்"னு இன்னொரு கட்டம் சேத்திருக்கேன், கருவியை பிடிச்சவங்களே அங்கயே அப்பவே நிரப்பணும். ஸ்ப்ரெட்ஷீட்ல போடறதா இருந்தா செல்லுக்கு தசம இடத்தை மொதல்ல செட் பண்ணிட்டு அப்புறம் அடிக்கணும், கையில எழுதினா 5.000 × 10-ன்னு எழுதினாலும் சரி, எத்தனை சைபர் நெஜம்னு தெரியணும். நடுக் கணக்குல ரெண்டு இலக்கம் கூட வச்சுக்கலாம், அதுக்கு மார்க் கொறைக்க மாட்டேன். பிழை சதவீதம் கேக்கறதை இந்த சோதனையில இருந்து எடுத்துட்டேன், என்ன உலோகம்னே தெரியாதப்ப எதோட ஒப்பிட்டு சதவீதம் போடறது, நான் அதை ரெக்கார்டு படிவத்துல வச்சதே தப்பு.

அடுத்த பேட்ச்சுக்காக உருளைக்கு திரும்ப கருப்பு பெயின்ட் அடிச்சாச்சு. அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, காஞ்சதுக்கு அப்புறம் ஒரு தடவை, எடையும் விட்டமும் எடுத்து என் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.